நண்டுக்கு ஊற்றிய நல்ல தண்ணீர்

எல்லம்மா தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் ஒருவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு நேர்மாறாக நடந்துகொண்டாள். அந்த ஒரு முறை நான்கு வருஷம் நீடித்தது.

அறுபத்தாறாம் வருஷம் தை மாதம் அது தொடங்கியது. கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த அரிசி மில்லின் பின்கட்டைச் சென்னையிலுள்ள ஒரு கல்லூரி வாடகைக்குப் பிடித்தது. எல்லாம் நண்டுக்காகத்தான். பழவேற்காடு ஏரியில் பிடித்த நண்டு சென்னை போய்ச் சேருவதற்குள் பாதி உயிரை விட்டுவிடுகிறது என்று, நண்டு இருக்கிற பக்கத்துக்கே ஆராய்ச்சியைக் கொண்டுவந்துவிட்டார்கள். வந்தவள் சந்திரகலா. திருப்பாச்சூரில் நெல் விளைவிக்கிற குடும்பம். முப்பது வயது. நரம்புகளைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். அவளுக்குத் துணையாக ஆதிநாராயணன் என்று ஓர் அட்டெண்டர். கதவு திறப்பது, மேஜை துடைப்பது, தபால் கொண்டுபோவது, எல்லாவற்றுக்கும் சலித்துக்கொள்வது, இவை நான்கும் அவன் வேலை.

வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், உயிருள்ள சேற்று நண்டு பன்னிரண்டு வேண்டும். ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து எல்லம்மா அதற்கு ஒப்புக்கொண்டாள். அவள் புருஷன் முனிகிருஷ்ணன் நண்டு பிடிப்பதில் கெட்டிக்காரன். வலது கை ஆள்காட்டி விரலில் மட்டும் அவனுக்கு மூன்று தழும்பு. அவையும் நண்டு கொடுத்த சர்டிபிகேட்தான்.

முதல் நாளே சந்திரகலா தெளிவாகச் சொன்னாள். "எல்லம்மாக்கா, ஏரியிலிருந்து எடுத்ததும் ஈரச் சாக்குல சுத்தி அப்படியே கொண்டாந்துடுங்க. கழுவ வேணாம், துடைக்க வேணாம், எதுவும் பண்ண வேணாம்."

எல்லம்மா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு மனசே ஆறவில்லை. சேறும் சகதியுமாக ஒரு நண்டைத் தூக்கிக்கொண்டு படித்த பெண்பிள்ளை முன்னால் போய் நிற்பதா? அவர்கள் குப்பத்தில் சம்பந்தி வீட்டுக்கு நண்டு அனுப்பினால் அதற்கு ஒரு முறை உண்டு. முதல் நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் நல்ல தண்ணீர் நிறைந்த தொட்டியில் நண்டைப் போடுவார்கள். ராத்திரி முழுக்க அது வயிற்றிலுள்ள சேற்றைக் கக்கிவிடும். கோழி கூவும்போது எடுத்துக் கட்டினால் நண்டு பளிச்சென்று இருக்கும். அப்படிச் செய்யாமல் அனுப்பினால், உங்களை நாங்கள் மதிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொன்னதற்குச் சமம்.

டாக்டரம்மா வேண்டாம் என்றது பெரிய மனுஷியின் கூச்சம் என்று எல்லம்மா முடிவுகட்டினாள். விருந்துக்கு வந்தவர்கள் போதும் போதும் என்று சொன்னால் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்களா என்ன?

கஷ்டம் எங்கே என்றால், குப்பத்தில் எந்தக் கிணற்றைத் தொட்டாலும் உப்பு. நல்ல தண்ணீருக்கு ஒன்றரை மைல் தெற்கே, பனைமரத்தடி மணலில் ஊற்றுத் தோண்டிக் காத்திருந்து மொண்டு வரவேண்டும். தினம் போகிற நடை வீட்டுக்கே பற்றியும் பற்றாமலும்தான். நண்டுக்கென்று திங்களும் வியாழனும் இன்னொரு நடை, தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம்.

முனிகிருஷ்ணனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாமே, நமக்கே குடிக்கத் தண்ணி இல்லாம பேஜாராக் கீது. நண்டுக்குக் குளியலு கேக்குதா?"

"யோவ், நீ சும்மா கெட. படிச்ச பொம்பள முன்னாடி சேத்தத் தூக்கினு போயி நிக்கச் சொல்றியா? நாலு பேரு நம்ம குப்பத்த இன்னான்னு பேசுவாங்க?"

நண்டு ஊறிய தண்ணீரை அவள் கீழே கொட்டவும் இல்லை. வீட்டுப் பின்னால் ஒரு பூசணிக் கொடிக்கு ஊற்றினாள். எருக்கஞ்செடியைத் தவிர எதுவும் முளைக்காத உப்பு மண்ணில் அவள் வீட்டுக் கூரைமேல் மட்டும் பூசணி ஏறிப் படர்ந்தது. பறிக்கிற முதல் காய் டாக்டரம்மாவுக்குத்தான். சந்திரகலாவும் வாங்கி, சாம்பார் வைத்துச் சாப்பிட்டு, ரொம்ப இனிப்பு என்று பாராட்டினாள். இந்தக் காய் அங்கே எப்படி விளைகிறது என்று நெல் விளைகிற வீட்டுப் பெண் ஒரு நாளும் யோசிக்கவில்லை. படிப்பு வேறு, இது வேறு.

பின்கட்டில் ஒரு பெட்டி இருந்தது. அதன் முகத்தில் வட்டமாக ஒரு கண்ணாடி, அதில் பச்சை வெளிச்சமாக ஒரு கோடு ஓடும். நண்டின் காலில் ஓடும் நரம்பை அந்தப் பெட்டியோடு இணைத்து, காலின் மேலுள்ள மயிரை ஒரு மெல்லிய குச்சியால் தொட்டால் கோடு துள்ளும். மில்லில் மோட்டார் ஓடினாலும் துள்ளும் என்பதால், நெல் அரைக்காத நேரம் பார்த்துத்தான் ஆராய்ச்சி நடக்கும். எல்லம்மா சில நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாள்.

"தொட்டுட்டு எடுத்த பிற்பாடும் குதிச்சினே கீதே, ஏம்மா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்பாள் சந்திரகலா. "குச்சிய எடுத்ததும் நிக்கணும். இது நிக்க மாட்டேங்குது. தொட்டத ரொம்ப நேரம் மறக்காம வெச்சிருக்கு."

அறுபத்தெட்டில் அதைத்தான் அவள் ஒரு கட்டுரையாக எழுதினாள். கடல் தாண்டி ஒரு பத்திரிகையில் அது அச்சாகி வந்தது. அதற்குப் பிறகு கவரைப்பேட்டைத் தபால்காரருக்கு வேலை கூடிப்போனது. ஸ்வீடன், கனடா, செக்கோஸ்லோவாக்கியா என்று எங்கெங்கிருந்தோ அஞ்சலட்டைகள் வந்தன. அவை யாவும் உங்கள் கட்டுரையில் ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்று கேட்பவை. இரண்டு வருஷத்தில் நாற்பத்து மூன்று. ஆதிநாராயணன் அவற்றை நூலில் கோத்துச் சுவரில் மாட்டினான். வெளிநாட்டு ஸ்டாம்பைக் கிழிக்கக் கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு போட்டதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

அட்டை ஒரு மரியாதை என்றால், அதைவிடப் பெரிய மரியாதை ஒன்று இருக்கிறது என்று சந்திரகலா சொன்னாள். மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் கட்டுரையை எழுதும்போது, இதை முதலில் சொன்னது இன்னார் என்று கீழே பெயர் போடுவார்களாம். யார் யார் யாரைப் போட்டார்கள் என்பதற்கென்றே சென்னை நூலகத்தில் தலையணை கனத்தில் ஒரு புத்தகம், எறும்பு எழுத்தில். அதில் சந்திரகலா பெயருக்குக் கீழே ஏழு பேர் இருந்தார்கள்.

எல்லம்மாவுக்கு இது உடனே விளங்கிவிட்டது. "கும்மிடிப்பூண்டி சந்தையில நண்டு வாங்கினு போறவங்களக் கேட்டா, எல்லம்மா கூடைல வாங்கினேன்னு சொல்றாங்க இல்ல, அது மாதிரியா?"

"அதேதான்க்கா."

"அப்ப ஏழு பேரு சொல்லிக்கிறாங்களா உங்கள!" அன்றைக்கு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லித் தீர்த்தாள். குப்பத்தில் போய் அதை ஒன்பதாக்கினாள்.

அந்தப் பேச்சால் வேறு தொல்லையும் வந்தது. நரம்பு டாக்டர் என்று கேள்விப்பட்டுக் கை மரத்தவர்களும் கால் இழுத்தவர்களும் மில் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் நண்டு நரம்புதான் பார்ப்பேன் என்று சந்திரகலா தலையில் அடித்துக்கொண்டாலும், எளாவூரிலிருந்து வந்த ஒரு லாரி டிரைவர், அதுக்குக் குடுக்கிற மருந்தையே எனக்கும் குடும்மா என்று மடக்கிவிட்டான்.

எழுபதாம் வருஷம் ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. எல்லம்மா கூடையோடு உள்ளே நுழைந்தபோது பச்சைக் கோட்டுப் பெட்டி அணைந்து கிடந்தது. சந்திரகலாவுக்கு வைத்த நாஷ்டா மேஜைமேல் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. முகம் அழுத முகமாகத் தெரிந்தது.

"இன்னாம்மா ஆச்சி?"

ஜப்பானிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அங்கே ஒரு ஆராய்ச்சிக்காரர், பெரிய கை, இதே நண்டு வகையை வைத்து இதே சோதனையைச் செய்து பார்த்தாராம். அவர் நண்டுகள் குச்சியை எடுத்த மாத்திரத்தில் மறந்துவிடுகின்றன. நாற்பது நண்டு பார்த்தாயிற்று, ஒன்றுகூட ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள் எழுதியது தவறென்று நான் அச்சில் சொல்ல வேண்டியிருக்கும், அதற்கு முன் உங்கள் பதில் என்ன என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்.

"ஐப்பசியில கமிட்டி கூடுது" என்றாள் சந்திரகலா. "என் வேலைய நிரந்தரமாக்கறதா, இந்தப் பின்கட்டை மூடறதான்னு அன்னைக்குத்தான் முடிவு பண்றாங்க. என்ன எழுதியிருக்கேன், யார் என் பேரைப் போட்டிருக்காங்கன்னுதான் பாப்பாங்க. எழுதினதே தப்புன்னு அதுக்குள்ள பேராயிடுச்சுன்னா..."

"நீங்க கண்ணால பாத்தது எப்பிடிம்மா தப்பாப் பூடும்? நானுந்தான பாத்தேன்!"

"அதான் பதில் அடிச்சு வெச்சிட்டேன்." டைப் அடித்த காகிதத்தை எடுத்துத் தமிழில் சொல்லிக் காட்டினாள். "உப்பு சரியா இருக்கு, கரண்ட்டு சரியா இருக்கு, எல்லாம் பாத்தாச்சு. என் நண்டுகள் ஏரியிலிருந்து நேராக, எந்த மாற்றமும் செய்யாமல் வருபவை. இதற்கு நான் முழு உறுதி அளிக்கிறேன். அப்படின்னு போட்டிருக்கேன். இந்த ஒரு வரியை வெச்சுத்தான் நிக்கறேன்க்கா."

எல்லம்மா கூடையைப் பார்த்தாள். கூடையிலிருந்த நண்டுகள் பளபளவென்று அவளையே பார்ப்பதுபோல் இருந்தன. சரிம்மா, வரேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. ஒரு ராத்திரி குளித்த நண்டுக்கும் ஜப்பானுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இருக்காது. வாயைத் திறந்தால் நான்கு வருஷமாக ஏமாற்றினாள் என்று ஆகும், டாக்டரம்மா முகத்தில் விழிக்க முடியாது. ஆனால் அந்த ஒரு வரி! அதில் இருப்பது எல்லம்மாவின் தலையாட்டல். அந்தம்மா அதை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நண்டு வாங்கிப் போனவள் இது எல்லம்மா கூடை என்று சந்தையில் நாலு பேருக்குச் சொல்லி, வீட்டில் போய்ப் பிரித்தால் உள்ளே செத்த நண்டு இருந்தால் எப்படி இருக்கும்?

பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தாள்.

"ஏறுமா, ஏறு. கல்யாண ஊட்டுக்கா வந்துகீற?" என்று கண்டக்டர் கத்தினார்.

எல்லம்மா காலை எடுத்துவிட்டாள். வெறுங்கூடையை இடுக்கிக்கொண்டு திரும்பி ஓடினாள். நாற்பத்திரண்டு வயசில் அவள் அப்படி ஓடியது அதுவே முதல் தடவை. பாதி வழியில் தபாலாபீஸ் வாசலில் ஆதிநாராயணன் நின்றுகொண்டு, ஜப்பானுக்குப் போகிற உறையில் சாவகாசமாக நாக்கை நீட்டி ஸ்டாம்பை ஈரப்படுத்தி ஒட்டிக்கொண்டிருந்தான்.

"ஆதி அண்ணே! அத்த குடு!"

"எத்த?"

"கையில வெச்சினுகீறியே அத்த!" கேட்டுக்கொண்டே பிடுங்கிவிட்டாள்.

"ஐயையோ, கவர்மெண்டுத் தபாலு! உனுக்கு இன்னா பைத்தியமா புட்ச்சிகீது? ஸ்டாம்பு வேற ஒட்டிட்டேன்!" என்று அவன் பின்னாலேயே ஓடிவந்தான். இருவரும் ஒருவர்பின் ஒருவராக மில்லுக்குள் நுழைந்தபோது நெல் அரைக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லம்மா உறையை மேஜைமேல் வைத்தாள். மூச்சு வாங்கியது.

"டாக்டரம்மா, நா தப்பு பண்ணிட்டேன். நண்டு நேரா வர்ல. மொத நாளுலேருந்தே வர்ல. ராத்திரில்லாம் நல்ல தண்ணில ஊற வெச்சி, சேத்தக் கக்க வெச்சிதான் கொண்டாந்தேன். நீங்க வாணாம்னு சொன்னீங்க, நாந்தான் கேக்கல."

சந்திரகலா எழுந்து நின்றாள். கோபம் வந்தது. வராமல் இருக்குமா? நான்கு வருஷம், பதிவுக்குத் தேறிய எண்ணூற்றுச் சொச்சம் நரம்பு. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் எல்லம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்லா நண்டுமா?"

"ஒண்ணு உடாம."

"நல்ல தண்ணின்னா, குடிக்கிற தண்ணியா? உங்க ஊர்லதான் கிணறெல்லாம் உப்பாச்சே. பூசணி மட்டும்..." அங்கே நின்றாள். பூசணிக்காய் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "எங்கேருந்துக்கா கொண்டு வந்தீங்க?"

"ஊத்துலேருந்துதான். ஒண்ணர மைலு போவ, ஒண்ணர மைலு வர. அது ஒண்ணும் பெருசில்லம்மா."

"அப்போ நீங்க குடிக்க?"

"நண்டுக்கு ஊத்தினது போவ மிச்சம் கீறத நாங்க குடிப்போம்" என்றாள் எல்லம்மா, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

சந்திரகலா உட்கார்ந்துவிட்டாள். கோபம் போன இடம் தெரியவில்லை. தன்னை இவ்வளவு மதித்த ஒருத்தியை அவள் அதுவரை சந்தித்ததே இல்லை. அந்த மதிப்புதான் தன் வேலைக்கு உலை வைத்திருக்கிறது என்று நினைத்ததும் சிரிப்பு வேறு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆதிநாராயணன் பயந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

"அப்போ நரம்பு மறக்காம இருந்தது நண்டோட குணம் இல்ல. நல்ல தண்ணியோட வேலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எல்லம்மா நிமிர்ந்தாள். "ஆமா, இதுல இன்னா ஆச்சரியம்? மழ பேஞ்சி ஆத்துத் தண்ணி எறங்கினா ஏரியே தித்திப்பாப் பூடும். அப்போ புடிக்கிற நண்டு லேசுல உடாது. கவ்வினா கவ்வினபடியே கெடக்கும். கோடையில புடிச்சா, ஒரு கடி கடிச்சிட்டு உட்ரும். எங்க ஊட்டுக்காரு வெரலக் கேளுங்க, அது சொல்லும்."

சந்திரகலா பேனாவைத் தேடினாள். அந்த உறையைக் கிழித்து, அதன் பின்பக்கத்திலேயே எழுத ஆரம்பித்தாள். ஸ்டாம்பு வீணாகிறதே என்ற கவலை ஆதிநாராயணனுக்கு.

அதற்கப்புறம் இரண்டு கூடை வந்தது. ஒன்றில் குளித்த நண்டு, வெள்ளைக் கயிறு. இன்னொன்றில் ஏரியிலிருந்து நேராக வந்தது, கறுப்புக் கயிறு. குளித்தவை மறக்கவில்லை, குளிக்காதவை உடனே மறந்தன. ஜப்பான்காரருக்குப் புதுக் கடிதம் போனது. நீங்கள் சொன்னது சரி, நான் பார்த்ததும் சரி, நடுவில் இரண்டு குடம் தண்ணீர் இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று, நீங்களும் ஊற வைத்துப் பாருங்கள் என்று. கமிட்டிக்கு இரண்டு நாள் இருக்கையில் தந்தி வந்தது. அவருடைய நண்டுகளும் மறக்க மறுக்கின்றனவாம். கார்த்திகையில் மழை இறங்கியதும், குளிக்காத ஏரி நண்டே மறக்காமல் இருப்பதையும் பார்த்துவிட்டார்கள். முனிகிருஷ்ணன் விரல் சொன்னது பொய்யில்லை.

கமிட்டி சந்திரகலாவை நிரந்தரமாக்கியது. அடுத்த வருஷம் கட்டுரை வந்தது. அதன் தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள். சந்திரகலா, எல்லம்மா. இந்த எல்லம்மா எந்தப் பல்கலைக்கழகம் என்று கல்லூரியில் ஒரு பெரியவர் கேட்டாராம். பழவேற்காடு ஏரி என்று சந்திரகலா பதில் சொன்னாளாம்.

முதல் கட்டுரைக்கு இரண்டு வருஷத்தில் வந்த நாற்பத்து மூன்று அட்டை, இதற்கு மூன்றே மாதத்தில் வந்துவிட்டது. தலையணைப் புத்தகத்தில் ஏழு பேர் அறுபதானார்கள். அட்டைகளில் நாலைந்து, டாக்டர் எல்லம்மா என்றே எழுதி வந்தன. சங்கதி குப்பத்துக்குப் பரவி, பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் இடுப்பு வலியோடு எல்லம்மா வாசலில் வந்து உட்கார்ந்தாள். முனிகிருஷ்ணன் ஒரு மாசம் விடவில்லை. "டாக்டரம்மா, கஞ்சி ஆறிப்போச்சி, ஊத்திக் குடுத்துட்டு அப்பால ஆராய்ச்சிக்குப் போ."

ஆனால் கறுப்புக் கயிற்றுக் கூடையைக் கொடுக்கும்போது மட்டும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சேற்றோடு கொடுக்க அவளுக்குக் கடைசிவரை பழகவில்லை.

ஒருநாள் ஜப்பான்காரர், நண்டை எவ்வளவு நேரம் ஊற வைப்பது, சரியான முறை என்ன என்று டாக்டர் எல்லம்மாவையே கேட்டு எழுதியிருந்தார். சந்திரகலா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நீங்களே சொல்லுங்கக்கா என்றாள்.

"வெளக்கு வெச்சதும் போட்டு, கோழி கூவுறப்ப எடுக்கணும்னு எழுதுங்க." கொஞ்சம் யோசித்தாள். "அவருக்கு நல்ல தண்ணி யாரு தூக்கியாந்து தராங்க?"

"அங்க குழாயிலயே வரும்."

"குழாயிலயேவா? குடுத்து வெச்சவரு. ஆனா கீழ கொட்ட வாணாம்னு சொல்லுங்க. ஊறின தண்ணிய பூசணிக்கு ஊத்தணும்."

சந்திரகலா ஒரு சொல் விடாமல் எழுதினாள்.

எழுபத்து மூன்றில் ஜப்பானிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர், ஆராய்ச்சிக் கட்டடத்தின் பின்சுவர் ஓரம் குந்தி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு கொடி. இரண்டு கையாலும் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார்.

எல்லம்மா படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடல் தாண்டி ஒரு மனுஷன் தன் பேச்சை அப்படியே கேட்டிருக்கிறான். முந்தானையால் படத்தைத் துடைத்தாள். அப்புறம் உற்றுப் பார்த்தாள்.

"காயி சின்னதாக் கீதே, டாக்டரம்மா. இன்னொரு குடம் ஊத்தச் சொல்லி எழுதுங்க."